எட்டுப் பேர், எட்டு வேலை: மலேசிய ரக்பி அணிக்கு ஃபார்வர்டுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாக ரக்பி பார்க்கத் தொடங்கிய ஒருவரிடம் தாளையும் பேனாவையும் கொடுத்து, மலேசிய அணிக்கு எட்டு ஃபார்வர்டுகளை எழுதச் சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் எடையைப் பார்த்து எழுதுவார்கள். மீதிப் பேர் போன வாரம் டிரை வைத்தவர்களின் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தவர்களின்) பெயரை எழுதுவார்கள். இரண்டு பட்டியலுமே நிஜத் திடலில் இருபது நிமிடம் தாங்காது.

"அண்ணே, அவன் 120 கிலோண்ணே. இடிச்சா எவன் நிப்பான்?" பெட்டாலிங் ஜெயாவில் ஆட்டம் முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்தால் இந்த வாதம் காதில் விழாமல் இருக்காது. "சரிடா தம்பி, இடிச்சிட்டுக் கீழ விழுந்த பிறகு பந்தை யாரு காப்பாத்துவா?" என்று கேட்டால் பதில் வராது. தே தாரிக்தான் வரும்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆட்டம் பார்க்கத் தொடங்கியிருக்கும் ரசிகர்கள், "ரக்பி அணியையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று தலையில் கட்டப்பட்ட பள்ளி ஆசிரியர்கள், கிளப்பின் தேர்வுக் குழுவில் முதல்முறை உட்காரப் போகிறவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். தேசிய அணியை உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கிளப்பில் ஒரு குறை இருந்தால் வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவந்து நிரப்பிவிடலாம். தேசிய அணியில் அது நடக்காது. இருப்பவர்களை வைத்துத்தான் ஒருவரின் குறையை இன்னொருவரின் பலத்தால் மூட வேண்டும்.

படி 1: பெயரை அப்புறம் எழுதலாம், முதலில் வேலையை எழுதுங்கள்

பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் 1 முதல் 8 வரை சட்டை எண் உள்ளவர்கள் ஃபார்வர்டுகள். 1 லூஸ்ஹெட் ப்ராப், 2 ஹூக்கர், 3 டைட்ஹெட் ப்ராப். இவர்கள்தான் ஸ்க்ரம்மின், அதாவது இரு அணியின் எட்டு எட்டுப் பேரும் தோள் கோத்துத் தள்ளும் போட்டியின், முதல் வரிசை. 4, 5 இருவரும் லாக். அவர்களுக்குப் பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறவர்கள். 6, 7 ஃபிளாங்கர்கள். கடைசியில் நம்பர் எட்டு.

தாளின் இடது ஓரத்தில் இந்த எண்களை எழுதிக்கொள்ளுங்கள். மேலே குறுக்காக வேலைகளை எழுதுங்கள்: ஸ்க்ரம் தாங்குதல், லைன்-அவுட்டில் (பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை இரண்டு வரிசைக்கு நடுவே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும்போது) பந்து எறிதல், தாவுதல், தாவுகிறவரைத் தூக்குதல், லைன்-அவுட் சங்கேதம் சொல்லுதல், பந்தைச் சுமந்து மோதுதல், ரக்கில் (கீழே கிடக்கும் பந்தின் மேல் இரு அணியினரும் நின்று தள்ளும் மோதலில்) எதிராளிகளை அப்புறப்படுத்துதல், எதிரணியின் பந்தைப் பறித்தல், டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துதல்). எந்த ஆட்டக்காரரும் இதில் மூன்று நான்குக்கு மேல் நன்றாகச் செய்ய மாட்டார். அப்படிச் செய்கிறவர் உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

இப்போது எந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்கு இது: எறிய ஒருவர், தாவ மூவர், தூக்க நால்வர், சங்கேதம் சொல்ல ஒருவர், சுமந்து மோத மூவர், பறிக்க முழுத் திறமைசாலி ஒருவரும் அரைத் திறமைசாலி ஒருவரும். ரக் துப்புரவும் டேக்கிளும் எட்டுப் பேருக்கும் பொது. அதில் விதிவிலக்கு கேட்கும் ஆளை எவ்வளவு திறமை இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

தைப்பூசத்தில் உறுமி மேளக் குழுவைப் பார்த்திருப்பீர்கள். எட்டுப் பேருமே உறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? சத்தம் வரும், மேளம் வராது. எட்டுப் பேரும் சுமந்து மோதுகிறவர்களாக இருக்கும் ஃபார்வர்டு கூட்டமும் அதே கதைதான்.

படி 2: 3-ஆம் எண்ணில் தொடங்குங்கள்

பயிற்றுநர்கள் மத்தியில் பழைய பேச்சு ஒன்று உண்டு: அணியில் முதலில் எழுத வேண்டியது டைட்ஹெட்டின் பெயர், இரண்டாவதாக எழுத வேண்டியது மாற்று டைட்ஹெட்டின் பெயர். கேலியாகச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது.

ஸ்க்ரம்மில் லூஸ்ஹெட்டின் தலை ஒரு பக்கம் வெளியே இருக்கும். டைட்ஹெட்டுக்கு அந்த வசதி கிடையாது. அவர் தலை எதிரணியின் ஹூக்கருக்கும் லூஸ்ஹெட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இரண்டு தோளிலும் அழுத்தம். இவர் சரிந்தால் எட்டுப் பேரின் தள்ளலும் வீண்; நடுவர் கை உயரும், பெனால்டி எதிரணிக்கு. அங்கிருந்து மூன்று புள்ளி, அல்லது நம் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் ஒரு லைன்-அவுட்.

இந்த வேலையைக் கண்ணால் பார்த்துத்தான் கற்க வேண்டும். அடுத்த முறை ஆட்டம் பார்க்கப் போகும்போது பந்தை மறந்துவிட்டு, ஸ்க்ரம் நடக்கும் இடத்துக்கு நேராகப் பக்கக் கோட்டில் போய் நில்லுங்கள். நடுவர் மூன்று கட்டளை கொடுப்பார்: குனி, பிடி, மோது. இரண்டாவது கட்டளையில் டைட்ஹெட்டின் வலது கை எதிராளியின் சட்டையை எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். முதுகுப் பக்கம் நீளமாகப் போய்ப் பிடித்தால் நல்லது. தோள்மூட்டுக்குப் பக்கத்தில் சட்டையைக் கசக்கிக்கொண்டு, முழங்கை தரையைப் பார்க்கத் தொடங்கினால் இன்னும் இரண்டு நொடியில் அந்தப் பக்கம் இடியும். அடுத்து முதுகு: மேசைபோல நேராக இருக்க வேண்டும், இடுப்பைவிடத் தோள் கீழே போகக் கூடாது. கடைசியாகக் கால். மோதிய பிறகு குட்டிக் குட்டி அடியாகக் காலை மாற்றிக்கொண்டே இருப்பவர் தடுமாறுகிறார் என்று பொருள். ஊன்றிய கால் ஊன்றியபடி, புல்லில் காலணி முள் பதிந்து நிற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

நம் நாட்டில் இங்கேதான் ஒரு சிக்கல். கோப்ரா கிளப் 1967-இல் தொடங்கிய பத்துப் பேர் ஆட்டம் இங்கே பெரிய திருவிழா. எழுவர் ஆட்டத்திலும் நாம் சோடை போனதில்லை. 2017-இல் கோலாலம்பூர் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் ஆண்கள் அணி தங்கம் வாங்கியது. ஆனால் எழுவர் ஆட்டத்தில் ஸ்க்ரம்முக்கு மூன்று பேர், பத்துப் பேர் ஆட்டத்தில் ஐந்து பேர். எட்டுப் பேர் பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தைக் கழுத்தில் வாங்கிப் பழகியவர்கள் அதில் உருவாவதில்லை. 19 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்திலும் ஸ்க்ரம்மை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகவே போன வருடம் வரை பள்ளி அணியில் கலக்கிய பையனைப் பார்த்து மயங்கி, நேராக 3-ஆம் எண்ணில் போட்டுவிடாதீர்கள். அவனுக்கு இன்னும் இரண்டு மூன்று பருவம் கிளப்பில் பெரியவர்களோடு தள்ளிப் பழக அவகாசம் வேண்டும். கழுத்து விவகாரம் இது. அவசரப்படுத்தக் கூடாது.

டைட்ஹெட் ஓட மாட்டார், பந்து கைக்கு வந்தால் கொடுத்துவிடுவார் என்றாலும் பரவாயில்லை. அந்தக் குறையைத் தாளில் எழுதிவையுங்கள்: "3 - சுமக்க மாட்டார்." இந்தக் கடனை வேறு யாராவது அடைக்க வேண்டும்.

படி 3: ஹூக்கர், கைக்காக

ஸ்க்ரம்மில் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவது ஹூக்கரின் பழைய வேலை. இன்றைக்கு அவரை எடுப்பது பெரும்பாலும் லைன்-அவுட்டில் எறிவதற்காக. பக்கக் கோட்டில் நின்று, இரண்டு வரிசைக்கும் நடுவே நேராக, நகர்ந்துகொண்டே மேலே போகும் ஆளின் கைக்கு, சரியான நொடியில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எதிரணியும் தாவும்போது நேராக இல்லாவிட்டால் பந்து பறிபோகும்.

புதியவர்கள் ஹூக்கரின் எறிதலைப் பயிற்சித் திடலில், யாரும் எதிர்க்காதபோது பார்த்துவிட்டு "அருமை" என்று எழுதுவார்கள். நீங்கள் அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு பாருங்கள். கோலாலம்பூரில் மதியம் மூன்று மணிக்கு மேல் மழை அடித்துக் கொட்டிவிட்டு, நாலரைக்கு ஆட்டம் தொடங்கினால் பந்து சோப்புக் கட்டிபோலத்தான் இருக்கும். ஹூக்கர் பந்தைச் சட்டையில் துடைப்பார், சட்டையே நனைந்திருக்கும். மூச்சு வாங்கும். பத்து ஸ்க்ரம் தள்ளிய தோள் மேலே தூக்க மறுக்கும். அந்த நேரத்தில் வரிசையின் கடைசி ஆளுக்கு எறிய முடிகிறதா, அல்லது பாதுகாப்பாக முதல் ஆளுக்கே எறிந்து தப்பிக்கிறாரா? இரண்டாவது வகை ஆள் என்றால் வரிசையின் முன்பகுதியில் தாவ நல்ல ஆள் வேண்டும். இதையும் தாளில் எழுதுங்கள்.

படி 4: லைன்-அவுட்டை ஒரே குடும்பமாகப் பாருங்கள்

தாவுகிறவர் மட்டும் உயரமாக இருந்தால் போதும் என்று நினைப்பது பொதுவான தவறு. தாவுகிறவரை இருவர் தூக்குகிறார்கள். முன்னால் நிற்பவர் தொடையைப் பிடிப்பார், பின்னால் நிற்பவர் கால்சட்டைப் பகுதியைப் பிடிப்பார். இந்த மூவரும் ஒன்றாக அசைந்தால்தான் ஒரு தாவல். பெரும்பாலும் ப்ராப் இருவரும் தூக்குவார்கள். 110 கிலோ லாக் ஒருவரை எடுத்துவிட்டு, அவரைத் தலைக்கு மேல் நிறுத்திப் பிடிக்கும் தோள்வலு உங்கள் ப்ராப்களுக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், அந்த உயரத்தால் பயனில்லை. கொஞ்சம் குள்ளமான, 95 கிலோ ஆள் வேகமாக மேலே போவார் என்றால் நான் அவரைத்தான் எடுப்பேன்.

இரண்டு லாக்குகளையும் ஜோடியாக யோசியுங்கள்; ஒருவரை இப்போதே எழுதுங்கள், மற்றவரைக் கடைசியில் எழுதலாம். உலகம் கண்ட நல்ல ஜோடிகளில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் பாக்கீஸ் போத்தாவும் விக்டர் மாட்ஃபீல்டும். மாட்ஃபீல்ட் லைன்-அவுட்டின் மூளை. எதிரணியின் சங்கேதத்தைப் படித்து, அவர்கள் பந்துக்கே தாவுவார். போத்தா மோதல், ரக், ஸ்க்ரம் என்று வியர்வை சிந்தும் வேலைகளை எடுத்துக்கொண்டார். 2007 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தை 15-6 என்று வென்றபோது, இங்கிலாந்து எறிந்த பந்துகள் பலவற்றைத் தென்னாப்பிரிக்கா பறித்ததை அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டால் பார்க்கலாம். இரண்டு மாட்ஃபீல்ட் இருந்திருந்தால் ரக்கில் அடி வாங்கியிருப்பார்கள். இரண்டு போத்தா இருந்திருந்தால் மஞ்சள் அட்டை குவிந்திருக்கும்.

உயரம் நம் பக்கம் குறைவு என்று புலம்புகிறவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். 2015 உலகக் கோப்பையில், பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று ஜப்பான் வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் மைக்கேல் லீச் வைத்த முதல் டிரை லைன்-அவுட்டிலிருந்து உருட்டிக்கொண்டு போன மோலில் (பந்தைக் கையில் வைத்திருப்பவரைச் சுற்றிப் பிடித்து, நின்றபடியே தள்ளும் கூட்டத்தில்) வந்தது. பின்கள ஆட்டக்காரர்களும் (9 முதல் 15 வரை எண் உள்ளவர்கள்) ஓடிவந்து அந்த மோலில் சேர்ந்து தள்ளினார்கள். நெட்டையான ஆள் இல்லை என்றால் வேகமான எறிதல், குறைந்த ஆள் வரிசை, பிடித்தவுடன் மோல் என்று வேறு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழிக்குத் தோதான ஆட்களை அதற்கென்றே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

சங்கேதம் சொல்பவரை லாக்குகளில் ஒருவராக வைப்பது வழக்கம். அவரைக் கண்டுபிடிக்க எளிய வழி: லைன்-அவுட்டுக்கு நடந்து வரும்போது யார் எதிரணியைப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று கவனியுங்கள். மற்றவர்கள் தண்ணீர்ப் புட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

லாக்குகளில் தாவ இருவர் கிடைத்துவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஆள் பின்வரிசையிலிருந்து (6, 7, 8) வர வேண்டும். அங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது.

படி 5: 6, 7, 8 மூவரையும் ஒன்றாக எழுதுங்கள்

தனித்தனியாக மூன்று நல்ல ஆட்களை எழுதிவிட்டு, "பின்வரிசை முடிந்தது" என்று பேனாவை மூடிவிடக் கூடாது. இந்த மூவரில் ஒருவரை மாற்றினால் மற்ற இருவரும் மாற வேண்டியிருக்கும்.

7-ஆம் எண், ஓப்பன்சைடு ஃபிளாங்கர், பந்து பறிக்கிறவர். எதிராளி டேக்கிளில் கீழே விழுந்த நொடியில், ரக் உருவாகும் முன், சொந்தக் காலில் நின்றுகொண்டு பந்தில் கை வைப்பார். விழுந்தவர் பந்தை விடாவிட்டால் பெனால்டி. இதை ஜேக்கல் என்பார்கள். பெரும்பாலும் இந்த வேலைக்குக் குள்ளமான, இடுப்பு தாழ்ந்த ஆட்கள் தோது. குள்ளம் என்றால் லைன்-அவுட்டில் உதவி குறைவு. ஆக 7 பறிக்கும் ஆளாக இருந்தால் 6 கட்டாயம் தாவத் தெரிந்த நெட்டையாக இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் கதையே இதற்குப் பாடம். 2011 உலகக் கோப்பையில் டேவிட் போக்கொக் காயத்தால் ஆடாத ஆட்டத்தில் அயர்லாந்து அவர்களை 15-6 என்று வென்றது. அவர் திரும்பி வந்த காலிறுதியில், தென்னாப்பிரிக்கா பெரும்பகுதி நேரம் பந்தை வைத்திருந்தும் ஆஸ்திரேலியா 11-9 என்று தப்பியது. ரக்குக்கு ரக் அவர் பந்தைப் பறித்ததுதான் காரணம். 2015-இல் இன்னும் துணிந்து, போக்கொக்கை 8-ஆம் எண்ணிலும் மைக்கேல் ஹூப்பரை 7-ஆம் எண்ணிலும் போட்டார்கள். பறிக்கும் ஆட்கள் இருவர்! இங்கிலாந்தை அதன் சொந்தத் திடலிலேயே 33-13 என்று வென்று போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். எல்லாரும் இந்த இருவரைப் பற்றியே பேசினார்கள். 6-ஆம் எண்ணில் நின்ற நெட்டை மனிதர் ஸ்காட் ஃபார்டியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. லைன்-அவுட்டில் தாவுவது, ரக்கைத் துப்புரவு செய்வது என்று இருவரின் பாக்கி வேலையையும் அவர் தலையில் போட்டுக்கொண்டதால்தான் அந்த ஏற்பாடு நின்றது. உங்களிடம் ஒரு ஃபார்டி இல்லாமல் இரண்டு 7-ஆம் எண்களைப் போட ஆசைப்படாதீர்கள்.

நம்பர் எட்டு ஸ்க்ரம்மின் அடியில் பந்தைக் காலில் கட்டுப்படுத்தி, தேவைப்பட்டால் தூக்கிக்கொண்டு ஓடுபவர். படி 2-இல் "3 - சுமக்க மாட்டார்" என்று எழுதிய கடனை அடைக்க முதல் ஆள் இவர்தான். ஸ்க்ரம் பின்வாங்கும் அணிக்கு இவர் இன்னும் முக்கியம். பின்னால் உருண்டு வரும் பந்தை அசைந்துகொண்டே இருக்கும் பத்துக் கால்களுக்கு நடுவில் எடுத்து, முன்னால் இரண்டு மீட்டர் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். ஆசியாவில் நாம் அடிக்கடி சந்திக்கும் நிலைமை இது. 2018-இல் மலேசியா ஆசியாவின் உயர் பிரிவில் ஹாங்காங், தென்கொரியா இரண்டோடும் ஆடியது. அந்த ஹாங்காங் இப்போது 2027 உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றுவிட்டது. அப்படிப்பட்ட அணியை ஸ்க்ரம்மில் நாம் எண்பது நிமிடமும் தள்ளிக்கொண்டே போவோம் என்று கனவு காணாமல், பின்வாங்கும் ஸ்க்ரம்மிலும் பந்தைக் காப்பாற்றும் நம்பர் எட்டைத் தேடுவது நல்லது.

தொலைக்காட்சியில் தென்னாப்பிரிக்க ஆட்டம் பார்த்துக் கற்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவர்கள் 6, 7 எண்களை மாற்றிப் போடுவார்கள். சியா கொலிசியின் 6 மற்ற நாடுகளின் 7. பீட்டர்-ஸ்டெஃப் டு டோயிட்டின் 7 மற்றவர்களின் 6. தெரியாமல் பார்த்தால் "7-ஆம் எண் ஏன் இவ்வளவு நெட்டை?" என்று குழம்புவீர்கள்.

படி 6: மீதி இரண்டு இடம்

1-ஆம் எண்ணும், ஜோடியில் இன்னும் எழுதாமல் விட்ட லாக் ஒருவரும்தான் பாக்கி. தாளைப் பாருங்கள். எந்த வேலைக்கு ஆள் குறைகிறதோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். லூஸ்ஹெட்டுக்கு ஸ்க்ரம்மில் சற்றுச் சுதந்திரம் இருப்பதால் அங்கே ஓடக்கூடிய, சுமக்கக்கூடிய ஆளை வைக்கலாம். பறிக்கத் தெரிந்த லூஸ்ஹெட் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அரைத் திறமைசாலி என்று முதலில் எழுதினோமே, அந்த இடம் நிரம்பிவிடும். லாக்கில் உங்கள் சங்கேதக்காரர் மெலிந்தவர் என்றால் இன்னொருவர் கனமானவராக இருக்கட்டும். அவ்வளவுதான்.

படி 7: பெஞ்ச்

பன்னாட்டு ஆட்டத்தில் 23 பேர். அதில் முதல் வரிசையில் ஆடத் தகுதியுள்ளவர்கள் ஆறு பேராவது இருக்க வேண்டும் என்பது விதி: மூன்று இடத்துக்கும் ஆளுக்கொரு மாற்று. ஆகவே பெஞ்சில் உள்ள எட்டில் மூன்று இடம் தானாகவே நிரம்பிவிடும். அடுத்து ஒரு லாக், ஒரு பின்வரிசை ஆள், மூன்று பின்கள ஆட்டக்காரர்கள் என்பது வழக்கமான பிரிவு. நம் வெயிலிலும் புழுக்கத்திலும் ஃபார்வர்டுகள் ஐம்பதாவது நிமிடத்திலேயே நாக்குத் தள்ளிவிடுவதால், ஆறு ஃபார்வர்டுகளை வைப்பது என் விருப்பம். பின்களத்தில் இரண்டு இடம் ஆடத் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் இது சரிவரும்.

பெஞ்சை இரண்டாம் தர ஆட்களின் வரிசையாக நினைக்க வேண்டாம். 2019 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சின்க்ளர் மூன்றாவது நிமிடத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். கடைசி இருபது நிமிடத்துக்கென்று வைத்திருந்த டான் கோல் ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் ஆட வேண்டியதாயிற்று. எதிரே தென்னாப்பிரிக்காவின் லூஸ்ஹெட் தெண்டாய் ம்தவாரிரா. ஸ்க்ரம் பெனால்டிகள் குவிந்தன, தென்னாப்பிரிக்கா 32-12 என்று வென்றது.

நான்கு ஆண்டு கழித்து அதே கண்டம் தென்னாப்பிரிக்காவுக்கே வந்தது. 2023 போட்டியின் நடுவில் ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் காயமடைந்தபோது, அவருக்குப் பதில் ஹூக்கரை அழைக்காமல் ஹான்ரே பொல்லார்ட் என்ற உதைப்பாளரை அழைத்தார்கள். இறுதி ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் மிச்சமிருந்த ஹூக்கர் போங்கி ம்போனாம்பியும் காயத்தோடு வெளியேறினார். பெரும்பாலும் ஃபிளாங்கராக ஆடி வந்த டியோன் ஃபூரி மீதி ஆட்டம் முழுக்க ஹூக்கராக நின்றார். லைன்-அவுட் தடுமாறியது. ஆனாலும் 12-11 என்று நியூசிலாந்தை வென்றார்கள். அந்த 12 புள்ளியும் பொல்லார்ட் உதைத்தவை! தேர்வுக் குழு எடுத்த ஆபத்து பலித்துவிட்டது. பெஞ்சில் ஏழு ஃபார்வர்டுகளை வைத்திருந்ததால் ஓடிக் களைத்தவர்களை மாற்றவும் முடிந்தது. இதைப் பார்த்துவிட்டு நாமும் ஹூக்கரைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், நம்மிடம் பொல்லார்ட் யார் என்று கேளுங்கள்.

படி 8: தகுதி, தேடும் இடம்

பெயர்களை எழுதும் முன் ஒரு சரிபார்ப்பு. உலக ரக்பி விதிப்படி ஒருவர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது பெற்றோரில், தாத்தா பாட்டியில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும்; அல்லது ஆடுவதற்கு முன் தொடர்ந்து 5 ஆண்டு அந்த நாட்டு ரக்பி சங்கத்தில் மட்டும் பதிவு பெற்றிருக்க வேண்டும். முன்பு 3 ஆண்டு வசித்தாலே போதும் என்று இருந்ததை இறுக்கிவிட்டார்கள். விட்டு விட்டு மொத்தம் 10 ஆண்டு வசித்திருந்தாலும் சரி. கடப்பிதழை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. ஆகவே இங்குள்ள கிளப்பில் ஆண்டுக்கணக்கில் ஆடும் பசிபிக் தீவுக்கார லாக் ஒருவரும் உங்கள் பட்டியலுக்கு வரலாம். வரலாமா என்பதைவிட, அவர் வந்தால் எந்த வேலைக்கு வருகிறார் என்று கேளுங்கள். ஏற்கெனவே சுமப்பவர்கள் நால்வர் இருக்க ஐந்தாவதாக ஒருவர் எதற்கு?

தேடுவதற்குப் பெரிய போட்டிகள் மட்டும் போதாது. மாநில அணிகள் மோதும் எச்.எம்.எஸ். மலாயா கோப்பை 1920-களிலிருந்து இருக்கிறது, அதைப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா, கோலாலம்பூரின் ராயல் சிலாங்கூர் கிளப் போன்ற இடங்களின் சாதாரண வார ஆட்டங்களையும் பாருங்கள். பினாங்குப் பக்கம் போனால் அங்கும் ஆட்டம் உண்டு. நம் தமிழ்ப் பிள்ளைகள் பந்து என்றால் கால்பந்து என்றே வளர்கிறார்கள். ஆனால் எறிதட்டு, குண்டு எறிதலில் மாவட்ட அளவுக்குப் போன, நடக்கும்போது தரை அதிரும் ஒரு தம்பி எல்லாத் தோட்டத்திலும், எல்லா அடுக்குமாடியிலும் இருப்பான். அவனை 17 வயதுக்குள் பிடித்தால் ஐந்தாறு ஆண்டில் ஒரு டைட்ஹெட் கிடைக்கலாம்.

படி 9: ஒவ்வொரு பெயராக அடித்துப் பாருங்கள்

பட்டியல் முடிந்ததும் பென்சிலை எடுத்து, 1-இலிருந்து தொடங்கி ஒரு பெயரை மட்டும் அடியுங்கள். அவர் போனால் எந்த வேலை காலியாகிறது? அந்த வேலையைச் செய்ய மிச்ச ஏழு பேரிலோ பெஞ்சிலோ யார் இருக்கிறார்? பெயர் சொல்ல முடிந்தால் அடித்ததை அழித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். ஒரு பெயரை அடித்தவுடன் எறிய ஆளில்லை, அல்லது சங்கேதம் சொல்ல ஆளில்லை என்று வந்தால் பெஞ்சை மாற்றுங்கள். ஒரு பெயரை அடித்தும் எந்தக் கட்டமும் காலியாகவில்லை என்றால், அந்த ஆள் எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும் அவர் இடத்தில் வேறொருவரை முயன்று பார்க்கலாம். மாமாக் கடையில் சண்டை வருவது பெரும்பாலும் இந்தப் பெயரைச் சொல்லும்போதுதான். தாளைக் கையோடு எடுத்துப் போங்கள்.